எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு

குழுவில் அவளுக்குப் பெயர் கரண்டி. ஆறு வருடங்களுக்கு முன்னால் அவள் அங்கே போட்ட முதல் படம் ஒரு கரண்டி. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே நீர் சொட்டிக்கொண்டிருந்த எவர்சில்வர் கரண்டி. அதன் குழியில் சமையலறை ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. பத்துப் பேர் "அருமை" என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும், "ஜன்னல் சரியா இருக்கு. ஆனா இவ்வளவு சுத்தமா கழுவின கரண்டியை நான் எந்த வீட்டுலயும் பார்த்ததில்ல" என்று எழுதினார். அவர்தான் ஆணி. எந்தப் படமானாலும் சரியாக இடம் பார்த்து அடிப்பார் என்பதால் அந்தப் பெயர்.

அறுபது பேர் கொண்ட குழு அது. கம்ப்யூட்டருக்குள் மேசை, நாற்காலி, மரம், தெரு என்று எல்லாவற்றையும் முனை முனையாகச் செய்து, நிறம் பூசி, எங்கே விளக்கு எரிய வேண்டும் என்று வைத்து, கடைசியில் அதை ஒரு படமாக்கி எடுக்கிறவர்கள். ரெண்டர் என்பார்கள். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருவர் பேக்கரி வைத்திருந்தார். ஒருத்தி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படங்களைப் போட்டுவிட்டு, நிழல் ஏன் நீலமாக இருக்கிறது, சோபா ஏன் தரையில் உட்காராமல் மிதக்கிறது என்று மணிக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். ஒரு படத்திலேயே சண்டை நீண்டால், குழுவை நடத்துகிறவர் "முன்னாடி நகருங்க, அடுத்த படத்துக்கு இடம் விடுங்க" என்பார். அதனால் அவர் கண்டக்டர்.

கரண்டிக்கு நாற்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். கணவரின் அக்கா, தன் வீட்டுக்காரர் போன பிறகு, இவர்களோடு வந்து தங்கியிருந்தாள். கூடத்தில் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர். அதில் ஒரு படம் ரெண்டர் ஆக பத்தொன்பது மணி நேரம் பிடிக்கும். அது முடிகிறவரை மிக்சி போடக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

"வீட்டுல பிரசவம் நடக்கிற மாதிரி எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்கணும்" என்பாள் நாத்தனார். "கடைசில பார்த்தா பொறந்தது ஒரு ஸ்டூல்."

சொல்வாளே தவிர, படம் முடிந்ததும் முதலில் வந்து பார்ப்பதும் அவள்தான்.

போன வருடம் கரண்டி ஒரு பெரிய வேலையைத் தொடங்கினாள். அவள் பதினெட்டு வருடங்களாகக் கதவைத் திறந்து பெயர் கூப்பிடுகிற வராந்தா. நாலு பேர் உட்காரும் பெஞ்சில் எப்போதும் ஆறு பேர் இருப்பார்கள். பின்னால் சுவரில், உட்கார்ந்தவர்கள் தலை சாய்த்துச் சாய்த்து, எண்ணெய்க் கறை வரிசையாகப் படிந்திருக்கும். கதவோரம் கழற்றிப் போட்ட செருப்புகள். கோடியில் ஒரு முனை கறுத்துப்போன டியூப்லைட். மனிதர்களே இல்லாமல் இவற்றை மட்டும் செய்ய நினைத்தாள்.

ஏழு மாதங்கள் ஆயின. ஒவ்வொரு துண்டையும் செய்து முடித்ததும், குழுவின் தளத்திலேயே இருந்த தனிக் கடிதப் பெட்டி வழியாக ஆணிக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து பதில் வராமல் அடுத்த துண்டுக்குப் போவதில்லை.

"செருப்பு புதுசா இருக்கு, மேடம். குதிகால் ஒரு பக்கமா தேயட்டும். நேரா நடக்கிறவர் எதுக்கு எக்ஸ்ரே எடுக்க வர்றார்?"

"சுவர்க் கறை நல்லா வந்திருக்கு. ஆனா எல்லாத் தலையும் ஒரே உயரத்துல இருக்கே, உங்க நோயாளிங்க எல்லாம் ஒரே அச்சுல வார்த்தவங்களா?"

அவள் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டேப் எடுத்துப் போய்ச் சுவரில் இருந்த கறைகளை அளந்தாள். வார்டு பணியாளர் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, சுவருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

ரெண்டர் முடிந்த அன்று படத்தை போனில் ஏற்றிக்கொண்டு நாத்தனாரிடம் காட்டினாள். நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள். "இங்கதான் உட்கார்ந்திருந்தேன் நான்" என்றாள். தன் வீட்டுக்காரரின் நெஞ்சு எக்ஸ்ரேக்காகக் காத்திருந்த நாளைச் சொல்கிறாள் என்று கரண்டிக்குப் புரிந்தது. வேறு யார் பாராட்டும் வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஒன்றும் மீட்க முடியாது என்றார். ஏழு மாத வேலையும் அதற்குள் இருந்தது. சரி, படமாவது போனில் தப்பியதே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிறு காலை படத்தைப் போட்டாள். ஒரு மணி நேரம் பாராட்டு மழை. பேக்கரிக்காரர், "கடையில ஆள் காத்திருக்கு, ஆனா என்னால இந்த பெஞ்சை விட்டு எழுந்திரிக்க முடியல" என்று எழுதினார். பிறகு பிக்சல் என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஒரே ஒரு வரி கேட்டான்.

"எந்த ஏஐல பண்ணீங்க?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை. பெஞ்சின் இடது கால் கோணியிருக்கிறது, ஏஐதான் இப்படிக் காலைக் கோணலாக்கும் என்று வட்டம் போட்டுக் காட்டினான். ஆஸ்பத்திரியில் அந்தக் கால் உண்மையிலேயே கோணல்தான். அதை அப்படியே செய்ய அவளுக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது.

அந்த வருடம் குழு இரண்டு முறை ஏமாந்திருந்தது. நாலு வார்த்தை எழுதிக் கொடுத்து ஏஐ வரைந்து தந்ததைச் சொந்த வேலை என்று போட்டவர்கள் பிடிபட்டிருந்தார்கள். அதன் பிறகு ஒரு விதி வந்தது. சந்தேகம் என்று யார் கேட்டாலும், படத்துக்கு உள்ளே, முனைகளை இணைத்துக் கட்டியிருக்கும் கம்பி வடிவத்தைக் காட்ட வேண்டும். ஏஐ தந்த படத்துக்கு அது இருக்காது.

"ஃபார்மாலிட்டிதான், கரண்டி மேடம்" என்று கண்டக்டர் எழுதினார். "கம்பி வடிவத்தைப் போட்டுடுங்க, அந்தத் தம்பி வாயை அடைச்சுடலாம்."

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று அவள் எழுதினாள். எழுதி அனுப்பியதும்தான் அது படிப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று உறைத்தது. பிடிபட்ட இருவரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் சரியா அந்த நேரம் பார்த்துத்தான் டிஸ்க் போகுது" என்றான் பிக்சல். இந்த முறை யாரும் அவனை அடக்கவில்லை.

"ஆணி சாருக்குத் தெரியும்" என்று எழுதினாள். "ஏழு மாசமா ஒவ்வொரு துண்டா பார்த்தவர் அவர்."

ஆணியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஆள் அங்கேதான் இருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். இரண்டு மணி நேரம் கழித்து அவருடைய பதில் வந்தது.

"சில பகுதிகளை எனக்கு அனுப்பினாங்க, பார்த்தேன். அதையெல்லாம் எப்படிச் செஞ்சாங்கன்னு எனக்கு உறுதியா சொல்லத் தெரியல."

சோப்புக் கையோடு நின்றபடியே அதைப் படித்தாள். "என்ன ஆச்சு?" என்றார் கணவர். "ஒண்ணுமில்ல" என்றாள். போனில் கடிதப் பெட்டியைத் திறந்து, அவருக்கு அனுப்பிய துண்டுகளை எல்லாம் குழுவில் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்தபோது, அதில் அவரிடமிருந்து புதிதாக ஒரு கடிதம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை உங்க ஆஸ்பத்திரிக்கு வரேன். நேர்ல சொல்றேன். அதுவரைக்கும் நம்ம கடிதங்களை யாருக்கும் காட்டிடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

நாலு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டிய தூரம். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர்கள் பார்த்துக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் குறைந்த பிறகு கதவைத் திறந்தாள். பெஞ்சில் மூன்றாவது இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். திரும்பி, தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆணி சாரா?"

எழுந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. இடது கையால் வணக்கம் போல ஏதோ செய்தார்.

உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்து டீ வாங்கி வரச் சொன்னாள். டீ வந்தது. அவர் எடுக்கவில்லை.

"சூடு ஆறிடும், சார்."

அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தார். அது வைத்த இடத்தில் நிற்கவில்லை. கட்டை விரலும் சுட்டு விரலும் எதையோ உருட்டுவது போல உரசிக்கொண்டே இருந்தன. தினமும் நூறு பேரை அசையாமல் நிறுத்தி வைக்கிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். கட்டட பிளான் வரையற வேலை எனக்கு. இப்ப ஆபீஸ்ல பழைய ஃபைல் பார்க்கிற ரூமுக்கு மாத்திட்டாங்க."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டியாச்சு. மாத்திரை இருக்கு. குறையாதாம். மெதுவா கூடுமாம்." டீ தம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார். "மவுஸைப் பிடிச்சா ஒரு கோடு நேரா வராது. இடது கையில பழகிப் பார்த்தேன், அதுவும் சரிப்படல. எழுதறதுக்கு ரெண்டு விரல் போதும் இல்லையா? ஒரு நாள் ஏஐகிட்ட எழுதிக் கொடுத்தேன். மழை நின்ன பிறகு ஒரு பஸ் ஸ்டாப்னு. ஒரு நிமிஷத்துல வந்துடுச்சு. ஒரே ஒரு தடவைன்னு நினைச்சுத்தான் குழுவுல போட்டேன்."

அந்தப் படம் அவளுக்கு நினைவிருந்தது. எல்லோரும் கொண்டாடிய படம். அதில் இருந்த ஈர இலையை எப்படிச் செய்தீர்கள் என்று அவளே கடிதத்தில் கேட்டிருந்தாள்.

"மொத்தம் எத்தனை, சார்?"

"பதினொண்ணு."

கம்பி வடிவம் காட்ட வேண்டும் என்ற விதிக்காக குழுவில் அன்று உரக்கக் குரல் கொடுத்தவரே அவர்தான்.

"இலையைப் பத்தி நீங்க கேட்டப்ப நான் ஏதேதோ உளறியிருக்கேன். நீங்க கவனிக்கல. அந்தக் கடிதம் வெளியில வந்தா பிக்சல் மாதிரி ஆளு ஒரு நொடியில பிடிச்சுடுவான். நான் உங்களுக்குச் சாட்சி சொன்னாலும் அதேதான். சாட்சி சொன்னவன் யாருன்னு பார்ப்பாங்க. உன் கம்பி வடிவத்தைக் காட்டுன்னு கேட்பாங்க."

"அதனால என்னைத் தள்ளிவிட்டுட்டீங்க."

"ஆமா" என்றார். மழுப்பவில்லை. "வீட்டுல நான் ஒரு ஆளே இல்ல. ஆபீஸ்ல ஃபைலோட ஃபைலா கிடக்கிறேன். அங்க ஒரு இடத்துலதான் ஆணி சார் என்ன சொல்றார்னு காத்திருக்காங்க. அதுவும் போச்சுன்னா..."

அவளுக்குக் கோபமாக வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிடலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் கை மேசையின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதை இன்னொரு கையால் பிடித்து அமுக்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நானே எல்லாத்தையும் எழுதிடறேன்" என்றார்.

"உங்களைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம், சார். என்னைப் பத்தி மட்டும் எழுதுங்க. போதும்."

"ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் சொல்ல முடியாதும்மா."

அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர். அந்த 'ம்மா'வில் அவள் இறங்கி வந்துவிட்டாள். ஞாயிறு வரை கடிதங்களை யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். போகும்போது பெஞ்சின் அருகே நின்று, "மூணாவது கறை நீங்க செஞ்சதைவிட ஒரு விரல் கீழே இருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை தளத்தைத் திறந்தபோது ஆணியின் பெயர் இருந்த இடத்தில் 'நீக்கப்பட்ட கணக்கு' என்று இருந்தது. ஆறு வருடங்களாக அவர் எழுதிய ஒவ்வொரு கருத்தும் வெற்று வரியாகியிருந்தது. அவளுடைய முதல் படத்துக்குக் கீழே எழுதியதுகூட. அவள் கடிதப் பெட்டியைத் திறந்தாள். 'இந்த உரையாடல் இப்போது இல்லை' என்றது. செருப்பு, பெஞ்சுக் கால், சுவர்க் கறை என்று அவள் அனுப்பிய துண்டுகளும் அதோடு போயிருந்தன.

"காப்பி எடுத்து வெக்கலையா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"வாக்குக் குடுத்திருந்தேன், அக்கா."

"காட்ட மாட்டேன்னுதானே குடுத்த? எடுத்து வெச்சுக்க மாட்டேன்னா குடுத்த?"

புதன்கிழமை அவளுக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. அப்படிச் செய்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள். கூப்பிட்டுக் கேட்க அவருடைய போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை. அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

குழுவில் வேறு கதை ஓடியது. இத்தனை வருடம் கூட இருந்தவளே ஏமாற்றிவிட்டாள் என்று மனம் வெறுத்து ஆணி போய்விட்டார் என்றார்கள். இன்சூரன்ஸ்காரி, "அவர் வாய் திறந்து உங்களைக் காட்டிக் கொடுக்கல பாருங்க, அதுதான் பெரிய மனுஷத்தனம்" என்று எழுதினாள். கரண்டி அதற்குப் பதிலாக, 'ஆணி சாரோட கை' என்று தொடங்கி மூன்று வரி எழுதினாள். ஆதாரம் இல்லாமல் இதைச் சொன்னால், போனவர் மேல் சேறு பூசுகிறாள் என்பார்கள். அதோடு, ஒரு கையை இன்னொரு கை பிடித்து அமுக்கியதும் கண்ணிலேயே நின்றது. மூன்று வரியையும் அழித்தாள்.

கண்டக்டர் நல்ல மனிதர். அவரே ஒரு வழி சொன்னார். அடுத்த ஞாயிறு மதியம், எல்லோரும் பார்க்க, படத்தில் இருந்த ஏதாவது ஒரு பொருளை அவள் முதலிலிருந்து செய்து காட்டட்டும். கணவர் தன் வேன் நண்பரிடம் ஒரு லேப்டாப் இரவல் வாங்கி வந்தார். முப்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைச் செய்தாள். நாற்பது நிமிடத்தில் வாரும் அடியும் ஒரு பக்கமாகத் தேய்ந்த குதிகாலும் வந்துவிட்டன. கணவர் பின்னால் நின்று, யாரோ கிரிக்கெட்டில் நூறு அடித்தது போலக் கை தட்டினார்.

பிறகு பிக்சல், "அவங்களுக்குச் செருப்பு செய்யத் தெரியும்னு ஒத்துக்கறேன். அந்த வராந்தாவைச் செஞ்சது அவங்கதான்னு இதுல எங்க இருக்கு?" என்றான்.

"போதும்பா, விடு" என்றார் கண்டக்டர். "கரண்டி மேடம், நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் மறந்துட்டு அடுத்த படம் போடுங்க. நாங்க யாரும் இதைப் பெருசா எடுத்துக்கல."

பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால், சின்னதாக எடுத்துக்கொண்டாயிற்று என்றுதானே அர்த்தம் என்று அவள் நினைத்தாள். ஆனால், "சரிங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

அதன் பிறகு கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போட்டு அவள் இரண்டு படங்கள் செய்து போட்டாள். ஒவ்வொன்றோடும் அறுபது அறுபது படிகளைப் படம் பிடித்துச் சேர்த்தாள். "ஆதாரம் சரியா இருக்கு" என்று பதில் வந்தது. படத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாவது படத்தில் ஒரு பழைய மர அலமாரி. அதன் கதவு லேசாகத் தொங்கும்படி செய்திருந்தாள். போடுவதற்கு முன்னால், இதையும் ஏஐ என்பார்களோ என்று பயந்து கதவை நேராக்கினாள். நேராக்கிவிட்டுப் பார்த்தாள். கடைக் கேட்டலாக்கில் வரும் அலமாரி போல இருந்தது. அதையே போட்டாள். மூன்றாவது படத்தைத் தொடங்கவில்லை.

எக்ஸ்ரே அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பெஞ்சில் அவர் இருக்கிறாரா என்று சில மாதங்கள் பார்த்தாள். வந்தால் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் வரவில்லை.

அவளுடைய பிறந்த நாளன்று கணவர் ஒரு காரியம் செய்தார். அவள் போனிலிருந்து வராந்தாப் படத்தை எடுத்து, ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு, சட்டமடித்துக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். "யாரு நம்பினா என்ன, நம்பாட்டி என்ன?" என்றார். அவள் நன்றாக இருக்கிறது என்றாள். அவர் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றிவிடலாமா என்று இரண்டு முறை ஸ்டூல் போட்டு ஏறினாள். அவர் முகம் வாடிப்போகும் என்று இறங்கிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, துணி துவைக்கிற மெஷினைப் பழுது பார்க்க ஆள் வந்தார். கருவிப் பையைக் கீழே வைத்தவர், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த ஆஸ்பத்திரிங்க இது? நானும் இந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்த மாதிரியே இருக்கு. யாரு எடுத்த போட்டோ?"

நாத்தனார் முகம் மலர்ந்தது. "போட்டோ இல்லப்பா அது. எங்க தம்பி பொண்டாட்டி..."

"போட்டோதான்" என்றாள் கரண்டி. "நான் வேலை பார்க்கிற இடம். யாரோ எடுத்தது."

நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"தண்ணி குழாயை எங்க மூடணும்?" என்று கேட்டார் வந்தவர். அவள் காட்டினாள். அவர் மெஷினை இழுத்துப் போட்டுப் பின்பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார்.